ஒன்று குறைகிறது

எண்ணித்தான் வாங்கினேன்,
இரண்டாயிரத்து நானூறு.
நிசார் காசு. மீன்செதில் கனம்.
கடையில் கொடுக்க அல்ல,
யானைமேலிருந்து வாரி இறைக்கவென்றே
தங்கசாலையில் அடிப்பது.
மூன்று இரவு தந்தார் முன்ஷி கேவல்ராம்.
"போன பிறந்தநாளில் இருந்த எடை
இந்தப் பிறந்தநாளிலும் இருக்க வேண்டும், மாஹ்ரூ.
அங்கியின் உள்மடிப்பில் தை.
குலுங்கக் கூடாது."

குலுங்காமல் தைத்தேன்,
பஞ்சு வைத்து, வரிவரியாய்.
ஊசி நகக்கண்ணில் ஏறிய இடத்தில்
சிவப்புப் பட்டாயிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தராசுக்கு நால்வர் தூக்கிவந்தார்கள்.
ஒரு தட்டில் வெள்ளி.
மறு தட்டிலும் வெள்ளி,
நடுவே கொஞ்சம் மனிதர்.
முள் நேராக நின்றதும் முரசு அதிர்ந்தது.
கூட்டத்தில் ஒருவர்
"சென்ற ஆண்டைவிடத் தேறியிருக்கிறார்" என்றார்.
ஹக்கீம் தாயிப் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அங்கியைக் கழற்ற விடவில்லை.
"கனக்குமே ஹஸ்ரத்" என்றேன்.
"கனக்கட்டும். இது இல்லாவிட்டால்
படுக்கையில் நான் இருப்பது
எனக்கே தெரிவதில்லை."

பிறகு கஞ்சி. பிறகு கஞ்சியும் இல்லை.
வாசலுக்கு வெளியே
மகன்களின் ஆட்கள் குதிரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
தரிசன சாளரம் திறந்து பதினோரு நாளாயிற்று.
கீழே ஆற்றுமணலில் விடியலுக்கு முன் வந்து நிற்பவர்கள்
ஒவ்வொருவராய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.
யாரைக் குறை சொல்ல?

பன்னிரண்டாம் நாள்
என்னைத் தாங்கச் சொல்லிச் சாளரம் வரை வந்தார்.
காசோடு சேர்த்தும்
ஒரு தண்ணீர்க்குடம்தான் இருப்பார்.
விளிம்பில் நான் அவசரமாய்ப் போட்ட முடிச்சு ஒன்று;
அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன்.
நகத்தால் அதைப் பிரித்தார்.
ஒரு காசு.
எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
உலகைப் பற்றியவர் என்று இருந்தது அதில்.
கண் தெரியாதவருக்கு
அந்த மேடுபள்ளத்தில் என்ன கிடைத்ததோ.

வீசினார் என்று சொல்ல முடியாது.
விரலை விட்டார்.

யமுனை வற்றிக் கிடந்தது.
மணலில் வெள்ளரியும் முலாம்பழமும் போட்டிருக்கும்
கமோதியின் பையன் மட்டும் நின்றான்.
காலடியில் ஏதோ விழவும்
அண்ணாந்து பருந்தைத் தேடினான்.
பிறகு குனிந்து எடுத்துக் கடித்துப் பார்த்தான்.
சாளரத்தைப் பார்க்கவேயில்லை.

"எடுத்துக்கொண்டார்களா?"
"எடுத்துக்கொண்டார்கள், ஹஸ்ரத்."
"கூட்டம்?"
"கால் வைக்க இடமில்லை."
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
ஆற்றோரம் யாரோ துணி துவைக்கும் சத்தம்.
"ஆமாம்" என்றார்,
"தள்ளாதீர்கள் என்று சொல்."
சொன்னேன்,
வெறும் மணலைப் பார்த்து, உரக்கவே.

நான்காம் நாள் அங்கியைப் பிரித்தோம்.
குளிப்பாட்டியவர்கள் காத்திருக்க
கேவல்ராம் சமுக்காளத்தில் அடுக்கி எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
"எந்தத் தலைப்பில் எழுதுவது?"
பேனா மை தொட்டு நின்றது.
தானம் என்றால் கூட்டம் எங்கே என்பார்.
சாளரம் திறந்தது வெளியே தெரிந்தால்
காவலிருந்த பையனுக்குத் தலை போகும்.
"களவு என்று எழுதுங்கள்" என்றேன்.
இரண்டு மாதச் சம்பளம்.
பேரம் பேசவில்லை, அவரும் நிமிரவில்லை.

மீதியெல்லாம் அன்றே உலைக்குப் போயிற்று.
நாற்பது நாள் துக்கம் இருந்தது நாங்கள்தான்.
ஒன்பதாம் நாளே மகன் பெயரில் அடித்து,
அதே மரக்கிண்ணத்தில் அள்ளி,
அதே தெருவில் இறைத்தார்கள்.
சூடு ஆறியிருந்ததா என்று தெரியாது.
மக்கள் முட்டிமோதிப் பொறுக்கினார்கள்.

முலாம்பழக் காலம் முடிவதற்குள்
ஒருமுறை ஆற்றுக்கு இறங்கினேன்.
காசில் துளை போட்டு
வெள்ளாட்டின் கழுத்தில் கட்டியிருந்தான்.
ஆடு ஓடியது, திரும்பியது,
வரப்பில் எதையோ மென்றது.
சத்தமே இல்லை.
அவ்வளவு மெல்லிசு.